உஷார்! சர்க்கரை இருப்பவர்களே, ஈறைக் கவனியுங்கள்

பல் தேய்த்துத் துப்பும்போது எச்சிலில் சிவப்பு தெரிகிறதா? கொய்யாப்பழத்தைக் கடித்தால் கடித்த இடத்தில் ரத்தம் ஒட்டுகிறதா? காலையில் எழுந்ததும் வாயில் இரும்பை நக்கியதுபோல ஒரு ருசி? இவற்றில் ஒன்று இருந்து, உங்களுக்குச் சர்க்கரையும் இருந்தால், தயவுசெய்து இதைக் கடைசி வரை படியுங்கள். உங்களுக்கு இல்லாவிட்டாலும் வீட்டில் யாருக்காவது இருக்கும். அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

மேல்விஷாரம், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று நம் தோல் தொழில் ஊர்களில் எங்கே கேட்டாலும் இதற்கு ஒரே பதில்தான் வருகிறது. "உடம்பு சூடு பாய், அதான் ஈறுல ரத்தம் வருது." இளநீர் ஒன்று, மோர் ஒன்று, அதோடு விஷயம் முடிந்தது. இந்தப் பதில்தான் ஆபத்து. ஈறில் கசிகிற ரத்தம் சூட்டினால் வருவதில்லை. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் கிருமி குடியேறி, அங்கே புண் ஆகியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். சர்க்கரை உள்ளவருக்கு அந்தப் புண் வாயோடு நிற்பதில்லை. ஈறு நோய் ரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது. ஏறிய சர்க்கரை ஈறை இன்னும் அரிக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று வளர்த்துவிடுவது நம் ரத்தத்துக்குள்ளே.

எவ்வளவு பேரைப் பற்றிய கவலை இது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் டயபெடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் நாடு முழுக்க நடத்திய பெரிய கணக்கெடுப்பின் முடிவு 2023இல் வெளியானது. இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர். அதன் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். நம் தெருவில் ஏழு வாசற்படி ஏறினால் போதும்.

இந்த மாநிலத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' உண்மையிலேயே பெரிய வேலை, மனமாரச் சொல்கிறேன். ஊசியால் விரலைக் குத்திப் பார்க்கிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். டாக்டரிடம் போனால் கண்ணைப் பார்க்கச் சொல்கிறார், கிட்னிக்கு டெஸ்ட் எழுதுகிறார், காலைத் தூக்கிக் காட்டச் சொல்கிறார். வாயைத் திறக்கச் சொல்பவர் எத்தனை பேர்? நார்வேயில் பிறந்த பல் மருத்துவ ஆராய்ச்சியாளர் ஹாரல்ட் லோ, ஈறு நோயைச் சர்க்கரையின் ஆறாவது பின்விளைவு என்று 1993இலேயே எழுதினார். கண், சிறுநீரகம், நரம்பு, ரத்தக்குழாய், ஆறாத புண் ஆகிய ஐந்துக்கும் அடுத்தபடியாக ஈறு. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நம் சர்க்கரை ஃபைலில் இன்னும் ஈறுக்கு ஒரு பக்கம் கிடையாது.

புண்ணின் அளவைக் கேட்டால் இந்த அலட்சியம் எவ்வளவு பெரியது என்று தெரியும். ஈறு நோய் உள்ளவரின் பல்லைச் சுற்றி ஈறு விலகிப் பை மாதிரி ஆகிவிடும். எல்லாப் பல்லையும் சுற்றியுள்ள அந்தப் பைகளின் உட்புறத்தைப் பிரித்துப் பரப்பினால் சுமார் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இருபது என்பது ஒரு தீப்பெட்டியின் மேல்புறத்தைவிடப் பெரிய இடம். சர்க்கரை உள்ள ஒருவருக்கு இந்த அளவில் காலில் புண் வந்தால் வீடே அமளிதுமளிப்படும். அன்று இரவே ஆட்டோ பிடித்து வேலூருக்கு ஓடுவோம். வாய்க்குள் அதே புண் வருடக்கணக்கில் இருக்கிறது. வலிப்பதில்லை என்பதால் யாரும் ஓடுவதில்லை. ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. பல் ஆடத் தொடங்கும் நாள் வரைக்கும் வலிக்காது.

இனி ரத்தத்துக்குள் நடப்பது. கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் புரிந்துவிடும். இது புரிந்தால்தான் மிச்சமெல்லாம் நம்பிக்கை தரும்.

ஈறுப் பையில் கிருமி சேர்ந்ததும் உடல் வெள்ளை அணுக்களை அனுப்புகிறது. அவற்றில் நியூட்ரோஃபில் என்கிற வகை, ஆக்சிஜனை வீரியமான வடிவத்துக்கு மாற்றிக் கிருமியின் மேல் பாய்ச்சும். சூப்பர்ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு என்று அவற்றுக்குப் பெயர். கிருமி செத்தால் வேலை முடிந்தது. ஆனால் ஈறுப் பையில் வேலை முடிவதே இல்லை. பல்காரை அங்கேயே கெட்டியாக ஒட்டியிருக்கிறது, கிருமி அதில் புதிது புதிதாக வளர்கிறது, வெள்ளை அணு ராப்பகலாகப் பாய்ச்சிக்கொண்டே இருக்கிறது. போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற முக்கியமான ஈறுக் கிருமிக்கு உயிர் வாழ ரத்தத்திலுள்ள இரும்புச் சத்து வேண்டும். ஈறில் கசிகிற ரத்தமே அதற்குத் தீனி. பாய்ச்சிய வீரியம் கிருமியை மட்டும் எரிப்பதில்லை. பக்கத்திலுள்ள ஈறுச் சதையையும் பல்லைத் தாங்கும் எலும்பையும் கரைக்கிறது. அதன் பாதிப்பு ரத்தத்திலும் தெரிகிறது. இப்படி உற்பத்தி அதிகமாகி, உடலில் அதை அடக்கும் பொருட்கள் போதாமல் போகும் நிலையைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள்.

இப்போது சிவப்பணுவுக்கு வாருங்கள். அதற்கு உட்கரு இல்லை. பழுதானால் புதுப் புரதம் செய்துகொள்ளும் வழி இல்லை. சுமார் 120 நாள் வாழ்வு. அந்த 120 நாளும் கையில் இருப்பதை வைத்தே சமாளிக்க வேண்டும். உடலின் தசைக்கும் கொழுப்புக்கும் சர்க்கரை உள்ளே போக இன்சுலின் தயவு வேண்டும். சிவப்பணுவுக்கு அது தேவையில்லை. ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஏறுகிறதோ, அந்த அணுவுக்குள்ளும் அவ்வளவு ஏறும். ஏறிய சர்க்கரை ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. மூன்று மாதச் சராசரி என்று நாம் லேபில் எடுக்கும் எச்.பி.ஏ.ஒன்.சி. அதைத்தான் அளக்கிறது. சர்க்கரை அதிகமானால் அணுவின் காவல் பொருளான குளூட்டாத்தயோனைப் புதுப்பிக்கும் வேலையும் தடைபடுகிறது. ஆக, சர்க்கரைக்காரரின் சிவப்பணு ஏற்கெனவே காவல் குறைந்து நிற்கிறது. அந்த நேரத்தில் ஈறு நோயின் ஆக்சிஜனேற்ற அழுத்தமும் அதன் மேல் விழுகிறது.

விழுந்தால் என்ன ஆகும்? சிவப்பணுவின் சுவர் கொழுப்பாலும் புரதத்தாலும் ஆனது. அந்தக் கொழுப்பு கெட்டுவிட்டால் சுவர் விறைக்கும். தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: ஃபேட் லிக்கர் எண்ணெய் ஓட்டாமல் காயப்போட்ட தோல் எப்படிப் பலகை மாதிரி ஆகுமோ, அப்படி. தன்னைவிடக் குறுகலான நுண்குழாய்களுக்குள் வளைந்து நுழைந்து போகவேண்டிய அணு அது. விறைத்தால் கண்ணின் பின்திரைக்கும், சிறுநீரகத்துக்கும், கால்விரல் நுனிக்கும், ஏன், ஈறுக்குமே ரத்த ஓட்டம் மந்தப்படுகிறது. ஈறு மேலும் பலவீனமாகிறது. இன்னொரு பக்கம், புண்பட்ட ஈறிலிருந்து கிளம்பும் அழற்சிப் பொருட்கள் ரத்தத்தில் ஓடி, இன்சுலின் சொல்வதைத் தசையும் கல்லீரலும் கேட்காதபடி செய்கின்றன. மாத்திரை அதே மாத்திரை, சோறு அதே சோறு, சர்க்கரை மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது.

இது எங்கோ வெளிநாட்டு ரத்தத்தில் பார்த்த சங்கதி இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிதம்பரத்தில் ஈறு நோய் உள்ள 25 பேரையும், அதே வயதுள்ள ஆரோக்கியமான 25 பேரையும் எடுத்துக்கொண்டு ரத்தத்தைச் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். கொழுப்பு கெட்டதற்கான அடையாளம் ஈறில் மட்டும் இல்லை. ரத்த நீரில் இருந்தது, சிவப்பணுவில் இருந்தது, சிவப்பணுவின் சுவரில் இருந்தது. அதைச் சமாளிக்க அணுக்களின் காவல் நொதிகள் வழக்கத்தைவிட அதிகமாக வேலை செய்துகொண்டிருந்தன. ரத்தத்தில் வைட்டமின் சி, வைட்டமின் ஈ, குளூட்டாத்தயோன் கையிருப்பு குறைந்துபோயிருந்தது. நம் ஊர்க்காரர்கள் மாதிரியே சோறும் குழம்பும் சாப்பிடுகிற மனிதர்களின் ரத்தம் அது. வாயில் உள்ள ஒரு நோய் சிவப்பணுவின் சுவர் வரை போய் எழுதிவிட்டு வருகிறது. இதோடு சர்க்கரையும் சேர்ந்தவர்களிடம் சேதம் இன்னும் கூடுதல் என்று பின்னால் வந்த பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நம் பகுதிக்கு மட்டும் உரிய ஒரு கவலையும் உண்டு. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு மலை எல்லோருக்கும் தெரியும். அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் சிவப்பணுவுக்குள் சுலபமாக நுழையக்கூடியது. எவ்வளவு சுலபம் என்றால், ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிகளில் சிவப்பணுவின் ஆயுளைக் கண்டுபிடிக்க, கதிரியக்கக் குரோமியத்தைத்தான் அடையாளமாக ஏற்றிப் பார்த்தார்கள். உள்ளே போன குரோமியத்தை அடக்க அணு செலவழிப்பதும் அதே குளூட்டாத்தயோனைத்தான். டிரம்மில் தோல் பதனிடப் போடும் குரோமியம் வேறு வகை, மூன்று இணைதிறன் கொண்டது. அது அணுவுக்குள் அவ்வளவு எளிதில் போகாது. இரண்டையும் போட்டுக் குழப்பி யாரும் பயப்பட வேண்டாம். குரோமியத்தால்தான் சர்க்கரை வருகிறது என்றும் நான் சொல்லவில்லை. நான் சொல்வது ஒன்றுதான்: ரசாயனத்தோடும் தூசியோடும் வேலை பார்க்கிறவரின் ரத்த அணுவுக்கு ஏற்கெனவே சுமை இருக்கலாம். அதன் மேல் சர்க்கரை, அதன் மேல் ஈறுப் புண் என்று அடுக்காதீர்கள். கையுறையையும் முகமூடியையும் முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள். குரோமியத்தில் பதனிட்ட வெட் ப்ளூ தோலைத் தொட்ட கையோடு டீயும் பன்னும் சாப்பிடாதீர்கள்.

வாயில் பொட்டலம் அடக்குபவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013இலேயே தடை வந்தது. ஆனாலும் ஷிப்ட் முடிந்து வரும்போது கன்னத்துக்குள் ஹான்ஸ் புகையிலை இருக்கிறது, கையில் பீடி இருக்கிறது. புகை பிடிப்பவரின் ஈறில் ரத்தம் அதிகம் வராது. நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கிவிடுவதால் அடையாளமே மறைந்துவிடும். "எனக்கு ரத்தமே வர்றதில்ல, ஈறு கல்லு மாதிரி இருக்கு" என்று பெருமையாகச் சொல்லும் பீடிக்காரரின் பல்லைத்தான் நாலு வருடம் கழித்து ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறார்கள். உள்ளே எலும்பு கரைந்து முடிந்திருக்கும். நீங்கள் புகைப்பவர் என்றால், ரத்தம் வரும் வரை காத்திருக்காதீர்கள்.

சரி, ஈறைச் சுத்தம் செய்தால் சர்க்கரை இறங்குமா? இறங்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2013இல் அமெரிக்காவில் 514 பேரிடம் நடந்த ஆய்வில் பலன் தெரியவில்லை. அந்த ஆய்வில் ஈறு அழற்சியே சரியாக அடங்கவில்லை என்று பல் மருத்துவர்கள் அப்போதே ஆட்சேபித்தார்கள். 2018இல் வெளியான லண்டன் ஆய்வில் 264 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முழுமையான ஈறு சிகிச்சை செய்து ஒரு வருடம் கழித்துப் பார்த்தார்கள். சும்மா மேலோட்டமாகச் சுத்தம் செய்துகொண்டவர்களைவிட இவர்களுடைய மூன்று மாதச் சராசரி 0.6 புள்ளி குறைவாக இருந்தது. 35 ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட காக்ரேன் என்ற ஆய்வுக் குழு 2022இல் சொன்ன கணக்கு: மூன்று நான்கு மாதத்தில் 0.43 புள்ளி குறைகிறது. எட்டிலிருந்து ஏழரைக்கு வருவது சின்ன விஷயமாகத் தோன்றலாம். இன்னொரு சர்க்கரை மாத்திரையைக் கூட்டினால் கிடைக்கிற பலனுக்குப் பக்கத்தில் வருகிறது இது. மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று அர்த்தம் இல்லை. மாத்திரையும் வேண்டும், ஈறும் சுத்தமாக வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு வியாபாரம் புகும். அதற்கும் உஷாராக இருங்கள். ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று காதில் விழுந்ததும், "ஆன்டிஆக்சிடன்ட் கேப்சூல் சாப்பிடுங்க, ரத்தம் சுத்தமாகும்" என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் வருவார். டப்பா ஆயிரக்கணக்கில் விலை. வாங்காதீர்கள். ஃபின்லாந்தில் புகை பிடிக்கும் 29,133 ஆண்களுக்குப் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈயும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1994இல் வெளியானது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடுதலாக வந்தது. வைட்டமின் சியை அளவுக்கு மீறி விழுங்கினால், வீட்டில் வைத்திருக்கும் சில சர்க்கரை மெஷின்கள் தப்பாக அதிகமாகக் காட்டலாம். அதை நம்பி இன்சுலினைக் கூட்டிப் போட்டால் உயிருக்கே ஆபத்து. வீரியம் உற்பத்தியாகும் இடம் ஈறுப் பை. அங்கே கிருமியையும் காரையையும் எடுக்காமல் மேலே எந்த மாத்திரை போட்டாலும் உற்பத்தி நிற்காது. நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக்கீரை சாப்பிடுங்கள், நல்லது. டப்பா வேண்டாம்.

செய்ய வேண்டியது என்ன? பல் டாக்டரிடம் போய் முதல் வார்த்தையே, "எனக்குச் சர்க்கரை இருக்கு, ஈறுப் பையை அளந்து பாருங்க" என்று சொல்லுங்கள். மெல்லிய கோல் ஒன்றை விட்டு மில்லிமீட்டர் கணக்கில் அளப்பார்கள். மூன்று வரை பயமில்லை. நான்கும் அதற்கு மேலும் என்றால் மேலே மட்டும் தேய்த்துவிடும் கிளீனிங் போதாது. ஈறுக்குக் கீழே வேர் வரைக்கும் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டு மூன்று தடவை வரச் சொல்வார்கள், போங்கள். கடைசி மூன்று மாதச் சராசரி ரிப்போர்ட்டைக் கையில் கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை மறக்காமல் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். வெறும் வயிற்றில் போகாதீர்கள். காலை டிபனும் வழக்கமான மாத்திரையும் முடித்துவிட்டு முற்பகலில் போவது நல்லது. மூன்று மாதம் கழித்து ஈறையும் ரத்தத்தையும் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

"கிளீனிங் பண்ணா பல்லு ஆடிப்போயிடும்" என்ற பேச்சை நம்பி எத்தனை பேர் பல்லை இழந்திருக்கிறார்கள்! காரைதான் ஆடுகிற பல்லைப் பிடித்து வைத்திருந்தது. காரையை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. எடுக்காமல் விட்டால் அந்தக் காரையோடு பல்லும் விழும்.

பணம் ஒரு தடைதான், மறுக்கவில்லை. ஷூ கம்பெனியிலும் தோல் ஷாப்பிலும் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் பல் சிகிச்சையும் அதில் அடக்கம். கார்டைப் பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் மட்டும் எடுக்கிறோம். பல்லுக்கும் எடுங்கள், அக்கா. கார்டு இல்லாதவர்களுக்கு வாலாஜாபேட்டை அரசு ஆஸ்பத்திரியும் அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரியும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

மிஸ்வாக் குச்சி பயன்படுத்துபவர்கள் தாராளமாகத் தொடருங்கள். பல்லின் மேற்பரப்புக்கு அது நல்ல வேலை செய்கிறது. ஆனால் ஈறுப் பைக்குள்ளும் பல்லிடுக்கிலும் அது போகாது, உறைந்த காரையை எடுக்காது. ரமலானில் சஹர் சாப்பிட்டு, பஜ்ரு தொழுகை முடித்து, பல் தேய்க்காமலே படுத்துவிடும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. பகல் முழுக்க எச்சில் குறைந்து காய்ந்த வாயில் கிருமிக்குக் கொண்டாட்டம். நோன்பு வைக்கும் நேரத்துக்கு முன்பே இரண்டு நிமிடம் ஒதுக்கிப் பிரஷ் செய்துவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் நோன்புக்கு முன் டாக்டரைப் பார்க்கும்போதே, அதாவது ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதத்திலேயே, ஈறு சுத்தத்தையும் முடித்துக்கொண்டால் நோன்பு நேரத்தில் அவதி இருக்காது.

கடைசியாக, இரவு என்றும் பார்க்காமல் கிளம்ப வேண்டிய அடையாளங்கள். சர்க்கரை உள்ளவருக்குத் தாடைக்குக் கீழே கழுத்து வீங்கி, வாய் முழுதாகத் திறக்க முடியாமல், எச்சில் விழுங்கச் சிரமப்பட்டு, காய்ச்சலும் இருந்தால், அது பல்லிலிருந்து கழுத்துக்கு இறங்கிய சீழாக இருக்கலாம். சில மணி நேரத்தில் மூச்சை அடைக்கும். காரணமே இல்லாமல் மேல்தாடைப் பற்கள் ஒன்றாக ஆடி, கன்னம் மரத்து, மூக்கிலிருந்து கறுப்பாக வந்தால், 2021 கொரோனா அலையில் சர்க்கரைக்காரர்கள் பலரைப் பிடித்த கறுப்புப் பூஞ்சையாக இருக்கலாம். இரண்டுக்கும் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு விடியட்டும் என்று படுக்கக் கூடாது. கிராம்புத் தைலம் தடவிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. 108ஐ அழையுங்கள், வருகிறவர்களிடம் "சர்க்கரை இருக்கு" என்பதையும் தெரிந்த அடையாளத்தையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.